தெரிவும் மறைப்பும்: ஒளிப்படத் திருத்த மென்பொருளின் இரு கலைச்சொற்களும் கேரள எல்லைத் தமிழும்

0. முன்னுரை

கேரள மாநிலப் பள்ளிகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இம்மாநிலப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு பயிற்றுமொழிகளில் வெளிவருகின்றன. கிம்ப் என்னும் கட்டற்ற ஒளிப்படத் திருத்த மென்பொருள் உயர்நிலை வகுப்புகளின் பாடங்களில் இடம்பெற்று வந்துள்ளது. எனவே பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு போன்ற பகுதிகளிலும் தமிழ்வழி பயிலும் மாணவர், ஒரு படத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் பிரித்துக் கையாளவும், எஞ்சிய பகுதியைத் தீண்டாது காக்கவும் தமிழ் வாயிலாகவே கற்க வேண்டியவராகின்றனர்.

இவ்விரு செயல்களையும் ஆங்கிலம் முறையே செலக்ஷன், மாஸ்க் என வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் கைக்கு முதலில் அகப்படும் தமிழ்ச் சொற்கள் 'தேர்வு', 'முகமூடி' என்பனவாகும். அகராதியை மட்டும் கொண்டு நோக்கின் இரண்டும் பிழையற்றவை. ஆனால் மென்பொருளினுள் செலக்ஷனும் மாஸ்க்கும் இரு வேறு பொருள்கள் அல்ல. ஒரே பொருளின் இரு நிலைகள். இவ்வுண்மை 'தேர்வு', 'முகமூடி' என்னும் இணையில் புலப்படுவதில்லை. அதனைப் புலப்படுத்தவல்ல வேர்ச்சொல் ஒன்று தமிழில் உண்டு என்பதையும், எல்லைப் பகுதியின் இருமொழிச் சூழல் அவ்வேரின் தகுதியை எவ்வாறு காட்டுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ளாமல் கலைச்சொல்லை மதிப்பிட இயலாதாகையால், அதன் இயங்குமுறை சற்று விரிவாகவே கூறப்படுகிறது.

1. எல்லைப் பகுதியும் அதன் மொழிச் சூழலும்

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காட்டுப் பகுதியும், முன்னர்க் கொச்சி அரசின்கீழ் இருந்த சித்தூரும் அதில் இடம்பெற்றன. திருவிதாங்கூரின் தெற்கு வட்டங்களான அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களுக்கான கோரிக்கையை மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ஆம் ஆண்டு அறிக்கையில் ஏற்கவில்லை. அவை கேரளத்திலேயே நின்று, 1972 சனவரி 26 அன்று அமைக்கப்பெற்ற இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்கிறது.

வரலாறு இவ்வளவில் போதும். மொழியியலார் கருதற்குரியது இப்பகுதியின் அன்றாட வழக்கு. வாளையாற்றுக்கும் கோபாலபுரத்துக்கும் இடையிலோ, போடிமெட்டுக்கும் மூணாற்றுக்கும் இடையிலோ செல்லும் ஒருவர் 'தெரியுமா' என்னும் வினாவையும் 'அறியாமோ' என்னும் வினாவையும் ஒரே கடைத்தெருவில் கேட்கலாம். முன்னது தமிழ், பின்னது மலையாளம். 'தெரி' என்பது தமிழ் பேசுவோரின் மிக அடிப்படையான வினைகளுள் ஒன்று. இன்றைய மலையாளம் அறிதற்பொருளில் 'அறி' என்பதையும், காட்சிப்பொருளில் 'காண்', 'தெளி' என்பவற்றையும் பெரிதும் கையாளுகிறது. ஒருவர் வீட்டில் தமிழ் பேசுகிறாரா என்பதற்கு 'தெரி' ஓர் எளிய அடையாளம் எனலாம்.

ஒளிப்பட நிலையங்களிலும் கணினி மையங்களிலும் இக்கலைச்சொற்கள் ஆங்கிலமாகவே வழங்குகின்றன. இது எல்லைப் பகுதிக்கு மட்டும் உரியதன்று. கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் நிலை அதுவே. ஆனால் இரு மொழிகளும் ஆங்கிலச் சொல்லை ஏற்கும் முறை ஒப்புநோக்கத்தக்கது.

(1) அ. முகத்தை மட்டும் செலக்ட் பண்ணு. பின்னாடி மாஸ்க் போடு. (தமிழ்)
ஆ. முகம் மாத்ரம் செலக்ட் செய்யூ. பின்னே மாஸ்க் இடூ. (மலையாளம்)

வினைச்சொல்லாக வரும் 'செலக்ட்' தமிழில் 'பண்ணு' என்னும் துணையையும் மலையாளத்தில் 'செய்' என்னும் துணையையும் பெறுகிறது. பெயராக வரும் 'மாஸ்க்' முறையே 'போடு', 'இடு' என்பவற்றைப் பெறுகிறது. கலைச்சொல் இரண்டிலும் ஒன்றே. மொழியைக் காட்டுவது துணைவினை மட்டுமே. ஆகவே தொழிற்கூடத்தில் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் எழுமிடம் பாடநூல். அங்கு மாணவர் தாமே படித்து, தாமே செய்து, செய்முறைப் பரீட்சையில் மதிப்பெண் பெற வேண்டும். ஒரு சொல் தவறான படிமத்தை உண்டாக்கினால் கை தவறான இடத்திற்குச் செல்லும்.

2. கணினிக்கு முன்பு

மூடி வைத்து வேலை செய்தல் என்னும் நுட்பம் கணினியோடு பிறந்ததன்று. போடிமெட்டிலிருந்து கீழிறங்கித் தேனி வழியே மதுரைக்குச் சென்றால் அங்கே சுங்குடிச் சேலை அதற்குச் சான்றாக நிற்கிறது. துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சிடுவர். பின்பு சாயத்தில் தோய்ப்பர். முடிச்சினுள் அகப்பட்ட இடத்தைச் சாயம் தீண்டாது. முடிச்சை அவிழ்த்தால் வெண்புள்ளி தோன்றும். முடிச்சின் ஓரத்தில் சாயம் சற்றே கசிவதால், புள்ளியின் விளிம்பு கத்தரித்தாற்போல் இராது. நிறம் படிப்படியாகத் தேய்ந்து வெண்மையில் முடியும். இம்மூன்று செய்திகளையும் மனத்திற்கொள்ள வேண்டும்: மூடிய இடம், மூடாத இடம், இரண்டிற்கும் இடைப்பட்ட கசிவு. மென்பொருளின் மாஸ்க் முழுவதும் இம்மூன்றனுள் அடங்கும்.

திரைப்படத்தில் இரட்டை வேடம் இதே நுட்பத்தால் விளைந்தது. ஒளிவாங்கியின் முன் சட்டத்தின் ஒரு பாதியை மறைத்து முதலில் ஒருபுறம் படம் பிடிப்பர். படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மறுபாதிக்கு மாற்றி, அதே நடிகரை மறுபுறம் நிறுத்தி மீண்டும் படம் பிடிப்பர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட உத்தமபுத்திரனில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றது முதல் தமிழ்ப் பார்வையாளர் இத்தகைய காட்சிகளை நன்கு அறிவர். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மறைப்பின் பயன் மறைப்பதன்று. மறுபடியும் ஒளி படத்தக்க இடத்தை ஒதுக்கி வைப்பதே அதன் பயன்.

அச்சுத்தொழிலில் ரூபிலித் எனப்படும் செந்நிறப் படலம் வழங்கியது. ஒளிபுகும் தாளின்மீது ஒட்டிய அப்படலத்தைக் கத்தியால் அளவாக வெட்டி உரிப்பர். அச்சுத் தகடு செய்யப் பயன்படும் படச்சுருள் சிவப்பொளியை உணராதாகையால், கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் பகுதி படச்சுருளுக்குக் கருப்பேயாகும். இன்று ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் விரைவு மாஸ்க் என்னும் வசதியைத் திறந்தால், தெரிவுக்குப் புறம்பான பகுதியின்மீது செந்நிறம் படர்வதைக் காணலாம். தொழில் வழக்கொழிந்த பின்னும் அதன் நிறம் நிலைத்திருப்பது சொற்பொருள் வரலாற்றில் காணப்படும் எச்சங்களை ஒத்தது.

3. எண்ணளவில் இரண்டும் ஒன்றே

கணினித் திரையில் காணும் ஒளிப்படம் படப்புள்ளிகளின் கட்டம். பயனர் ஒரு பகுதியைத் தெரிவு செய்யும்போது, மென்பொருள் அப்படத்தின் அளவுக்குச் சமமான மற்றொரு கட்டத்தை நினைவில் அமைத்துக்கொள்கிறது. அதன் ஒவ்வொரு புள்ளிக்கும், வழக்கமான எட்டு பிட் முறையில், 0 முதல் 255 வரையிலான ஓர் எண் வழங்கப்பெறும். 255 எனில் அப்புள்ளி முழுவதும் தெரிவுக்குள் உள்ளது. 0 எனில் முழுவதும் வெளியே உள்ளது. 128 எனில் ஏறத்தாழப் பாதி. பாதி தெரிவு பெற்ற புள்ளியின்மீது சிவப்பு வண்ணம் பூசினால் அது பாதியளவே சிவக்கும். சுங்குடியின் கசிவு இதுவே.

இவ்வெண்களைச் சாம்பல்நிறப் படமாகக் காட்டினால் அதற்கு மாஸ்க் என்று பெயர். வெண்மை 255, கருமை 0. ஓர் அடுக்குடன் இதனைப் பிணைத்தால் வெண்மையுள்ள இடத்தில் அவ்வடுக்கு தெரியும். கருமையுள்ள இடத்தில் அது மறைந்து கீழடுக்கு வெளிப்படும். சாம்பல்நிறமுள்ள இடத்தில் இரண்டும் கலந்து தெரியும். ஆல்பா எனப்படும் இக்கலப்பு விகிதம் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984இல் இதனை முறையான கணிதமாக வகுத்தனர். மேலடுக்கின் நிறத்தை ஆல்பாவாலும், கீழடுக்கின் நிறத்தை ஒன்றிலிருந்து ஆல்பாவைக் கழித்த மீதியாலும் பெருக்கிக் கூட்டுவதே அக்கணிதத்தின் சாரம்.

ஆகவே தெரிவு என்பது கண்ணுக்குப் புலனாகாத, நிலையற்ற மாஸ்க். மாஸ்க் என்பது பதிவு செய்யப்பெற்ற, திருத்தத்தக்க தெரிவு. கிம்ப்பின் பட்டியல்களே இதற்குச் சான்று. அடுக்குக்கு மாஸ்க் சேர்க்க முற்படும்போது, அதனை வெண்மையாகத் தொடங்குவதா, கருமையாகத் தொடங்குவதா, நடப்பிலுள்ள தெரிவிலிருந்து தொடங்குவதா என்று அது வினவுகிறது. மாஸ்க்கிலிருந்து தெரிவை மீட்கவும் வழியுண்டு. தெரிவைச் சேனலாகச் சேமிக்கவும் செய்யலாம். ஒன்று மற்றொன்றாக இழப்பின்றி மாறுகிறது. இத்தகைய இரண்டினுக்கு வேரளவில் தொடர்பற்ற இரு பெயர்களைச் சூட்டினால், கற்பவர் இரண்டு பாடங்களைத் தனித்தனியே மனனம் செய்ய நேரிடும்.

தெரிவின் எல்லையைக் காட்ட ஓடும் புள்ளிக்கோடு ஒன்று பயன்படுகிறது. 1984இல் வெளிவந்த மேக்பெயின்ட் என்னும் மென்பொருளை எழுதிய பில் அட்கின்சன் உருவாக்கிய இக்கோட்டை ஆங்கிலத்தில் அணிவகுக்கும் எறும்புகள் என்பர். தமிழில் 'எறும்பூரல்' என்றாலே போதும். இக்கோடு ஒருவகையில் ஏமாற்றுவது. பாதிக்கு மேல் தெரிவு பெற்ற புள்ளிகளையே அது சூழ்ந்து காட்டும். அதற்குக் குறைவாகத் தெரிவு பெற்றவை கோட்டிற்கு வெளியே நின்றாலும் பூசும் வண்ணத்தை ஓரளவு ஏற்கும். கோட்டுக்குள் 'ஆம்', கோட்டுக்கு வெளியே 'இல்லை' என்று எண்ணும் மாணவர் இவ்விடத்தில்தான் திகைப்பர்.

4. பனை, குறிஞ்சி, மூடுபனி

தெரிவுக் கருவிகள் பலவாயினும் அவற்றின் வேறுபாட்டை இப்பகுதியின் மூன்று காட்சிகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

சித்தூர், கொல்லங்கோட்டுச் சமவெளியில் வரப்புதோறும் நிற்கும் பனைமரங்களை வெயில் வேளையில் படம் எடுத்ததாகக் கொள்வோம். ஓலை நுனிகள் ஊசிபோல் பிளவுபட்டு நிற்கும். அவற்றின் ஓரத்தைச் சுருக்குக்கருவியால் கைப்பட வரைவது வீண்முயற்சி. பின்புலமான வானம் ஏறக்குறைய ஒரே நீலம். ஆகவே வானத்தை நிறத்தால் தெரிவு செய்து, பின்பு தெரிவை மறுதலையாக்கினால் பனை கிடைத்துவிடும். வேண்டியதை நேரே பற்றாது, வேண்டாததைப் பற்றி விலக்கும் இம்முறை தொழிலில் மிகப் பெரும்பான்மை.

மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவின் சரிவுகளில் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும். 2006இலும் 2018இலும் அவ்வாறு பூத்தது. அப்படத்தில் மந்திரக்கோல் எனப்படும் கருவியால் ஒரு பூவைச் சொடுக்கினால் அப்பூவோ அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொத்தோ மட்டுமே தெரிவாகும். இக்கருவி இடத்தொடர்ச்சியை வேண்டுவது. நடுவே ஒரு பச்சை இலை வந்தாலும் நின்றுவிடும். நிறத்தால் தெரிவு செய்யும் கருவியோ இடத்தொடர்ச்சியைப் பொருட்படுத்தாது மலைச்சரிவு முழுவதிலுமுள்ள அந்நிறப் புள்ளிகளைத் திரட்டும். இரண்டிலும் நெகிழ்வெல்லை ஒன்று உண்டு. கிம்ப்பில் அதன் தொடக்க மதிப்பு 15. அதனைக் கூட்டினால் ஒத்த நிறங்களும் உள்ளே வரும். மிகக் கூட்டினால் மாலைநேர வானமும் பூவோடு சேர்ந்துவிடும்.

மூன்றாவது காட்சி தேயிலைச் சரிவின்மீது இறங்கும் மூடுபனி. இதற்கு ஓரமே இல்லை. எந்தத் தெரிவுக் கருவியும் இங்கு நேரடியாகப் பயன்படாது. வெண்மையிலிருந்து கருமைக்குப் படிப்படியாகச் செல்லும் நிறச்சரிவை மாஸ்க்கின்மீது இழுத்து விடுவதே வழி. மேலே முழு வெண்மை, கீழே முழுக் கருமை, நடுவே பனியின் அடர்த்திக்கேற்ற சாம்பல். மாஸ்க் என்பது முகமூடியைப்போல் ஓரம் வெட்டிய பொருள் என எண்ணும் மாணவர் இந்த மூன்றாவது காட்சிக்கு வரும்போது கைவிட்டுவிடுவர். சொல் தந்த படிமமே தடையாக நிற்கும் இடம் இது.

5. சொற்களின் ஆய்வு

5.1 தேர்வும் தெரிவும்

தமிழ்நாட்டுப் பள்ளி வழக்கில் 'தேர்வு' என்பது முதலில் பரீட்சையையே குறிக்கும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் என்னும் பெயர் அதனை உறுதிப்படுத்துகிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்னும் பெயரிலோ தெரிந்தெடுத்தல் என்னும் பொருளே மேலோங்கும். இலங்கை வழக்கு இவ்விரு பொருளையும் தெளிவாகப் பிரித்திருக்கிறது: பரீட்சைத் திணைக்களம், தெரிவுக்குழு. கேரளத்தில் பரீட்சா பவன் என்னும் அலுவலகப் பெயரே வழங்குவதால் அங்குள்ள தமிழ் மாணவரின் செவிக்குப் 'பரீட்சை' இயல்பானது. எனினும் தமிழ்நாட்டு நாளிதழ்களும் தொலைக்காட்சியும் வாயிலாகத் 'தேர்வு' என்பதும் அதே பொருளில் வந்து சேர்கிறது. செய்முறைப் பரீட்சைத் தாளில் 'தேர்வைச் சேமிக்கவும்' என்றொரு கட்டளை இருப்பின், மாணவர் பரீட்சைக் கோப்பைச் சேமிப்பாரா, தெரிவைச் சேனலாகச் சேமிப்பாரா?

இவ்வையத்தை நீக்குவதற்காக மட்டும் 'தெரிவு' என்பதை இக்கட்டுரை மேற்கொள்ளவில்லை. 'தெரிதல்' என்னும் வினை, காணப்படுதல், அறியப்படுதல் என்னும் செயப்படுபொருள் குன்றிய பொருள்களையும், ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்னும் செயப்படுபொருள் குன்றாப் பொருள்களையும் ஒருங்கே உடையது. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகிய அதிகாரத் தலைப்புகளில் ஆராய்ந்து கொள்ளுதல் என்னும் பொருள் விளங்குகிறது. இன்றைய பேச்சில் 'வீடு தெரிகிறது' என்பதில் காட்சிப்பொருள் விளங்குகிறது. மென்பொருளில் தெரிவுசெய்த பகுதி மாஸ்க்காக மாறியதும் எது தெரிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. தெரிந்தெடுத்ததே தெரிகிறது. ஆங்கிலம் இரு சொற்களால் பிரித்துவிட்ட தொடர்பைத் தமிழின் ஒரு வேர் தன்னுள் இயல்பாகவே கொண்டுள்ளது. மலையாளத்தின் 'திரஞ்ஞெடுக்குக' என்பது தெரிந்தெடுத்தல் பொருளை மட்டுமே இன்று தருகிறது; மலையாள மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

ஒரு தடையையும் கூறவேண்டும். 'தெரி' என்னும் ஏவல் வடிவம் தெரிந்தெடு என்னும் பொருளில் இன்று வழக்கில் இல்லை. எதிர்மறையில் நிலை இன்னும் மோசம்: 'தெரியாதே' என்பதைத் தெரிவு செய்யாதே என்று எவரும் கொள்ளார். எனவே பெயராகத் 'தெரிவு', வினையாகத் 'தெரிவு செய்' என்று வைப்பதே பொருந்தும். விருப்பத் தெரிவு என்னும் பொருளிலும் இச்சொல் சிலரால் கையாளப்படுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பொருளில் 'விருப்பம்' என்பதே பரவலாகிவிட்டதால் மோதல் பெரிதன்று.

5.2 முகமூடி, மறைப்பு, படலம்

'முகமூடி' கூத்திற்கும் திருடனுக்கும் உரியது. மலையாளத்திலும் 'முகம்மூடி' அதுவே. 2020இன் பெருந்தொற்றுக்குப்பின் 'மாஸ்க்' என்றாலே மூக்கும் வாயும் மூடும் துணி என்றாகிவிட்டது. தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகள் அதனை 'முகக்கவசம்' எனக் குறித்தன. இவையெல்லாம் முகத்தை மறைப்பன. அடுக்கு மாஸ்க்கில் முகமே வெண்மையாக நின்று தெரியவேண்டியிருக்கும்போது 'முகமூடி' என்பது நேர் எதிரான படிமத்தைத் தருகிறது.

'மறைப்பு' என்பது இதனினும் மேம்பட்டது. மலையாளத்தில் 'மற' என்றால் திரை, தடுப்பு. எல்லைத் தமிழருக்கு அச்சொல் புதிதன்று. பாண்டவர் மறைந்திருந்த ஊர் என்று மறையூருக்கு மக்கள் கூறும் பெயர்க்காரணத்தைக்கூட ஒருவர் நினைவுகூரலாம். சொற்பிறப்பியலார் அதனை ஏற்பார்களா என்பது வேறு. ஆனால் மென்பொருளினுள் 'மறை' ஏற்கெனவே மிகுந்த சுமை தாங்குகிறது. ஒவ்வோர் அடுக்கின் அருகிலும் கண் வடிவச் சின்னம் ஒன்றுண்டு; அதனைச் சொடுக்கினால் அடுக்கு தெரியும் அல்லது மறையும். அதற்குரிய இயல்பான கட்டளை 'மறை' என்பதே. பின்வருவனவற்றை நோக்குக.

(2) அ. அடுக்கை மறை.
ஆ. அடுக்கு மறைப்பை நீக்கு.
இ. அடுக்கு மறைப்பை மறை.

(2அ) முழு அடுக்கையும் காட்சியிலிருந்து விலக்கும். (2ஆ) மாஸ்க்கை நீக்குவதா, மறைந்திருந்த அடுக்கை மீண்டும் காட்டுவதா என்பது விளங்காது. (2இ) மாஸ்க்கைத் தற்காலிகமாகப் பார்வையிலிருந்து விலக்குவது; ஆனால் ஒலியளவிலேயே சொற்சிலம்பமாக உள்ளது. மேலும் 'மறை' என்னும் ஏவல், 'மறைந்தது' என்பதன் பகுதியாகவும் 'மறைத்தது' என்பதன் பகுதியாகவும் நிற்கவல்லது. தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபு இப்பொருள்மயக்கத்தை நீக்கும். பட்டியலில் ஒற்றைச் சொல்லாக நிற்கும் கட்டளையில் நீக்க எதுவுமில்லை. மலையாளத்தில் 'மறய்க்குக' என்பதும் மறத்தலைக் குறிக்கும் 'மறக்குக' என்பதும் செவிக்கு மிக நெருங்கியவை என்பதும் இருமொழி மாணவர் பொருட்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

'திரை' நல்ல சொல்லே. ஆயின் கணினித்திரை அதனைக் கைப்பற்றிவிட்டது. ரூபிலித் படலத்தை நினைவூட்டும் 'படலம்' எஞ்சுகிறது. 'தெரிபடலம்' என்று வினைத்தொகையாக்கினால், தெரிந்த, தெரிகின்ற, தெரியும் என்னும் முக்காலமும் தெரிந்தெடுத்தற்பொருளும் காட்சிப்பொருளும் அதனுள் அடங்கும். தெரிவு, தெரிபடலம் என்னும் இணை ஒன்று மற்றொன்றாக மாறும் உறவை உருவளவிலேயே காட்டுகிறது. 'அடுக்கின் தெரிபடலத்தை மறை' என்னும்போது (2இ)யின் மயக்கமும் நீங்குகிறது. பேச்சில் 'மாஸ்க்' தொடரும் என்பதில் ஐயமில்லை. பாடநூல் முதன்முறை இரண்டையும் அருகருகே தந்துவிட்டுப் பின்னர்த் தமிழ்ச் சொல்லைத் தொடர்வதில் இழப்பு ஏதுமில்லை.

5.3 உடன்வரும் கட்டளைகள்

கிம்ப்பில் 'இன்வெர்ட்' என்னும் பெயர் இரு பட்டியல்களில் வருகிறது. தெரிவுப் பட்டியலில் அது உள்ளதை வெளியாகவும் வெளியை உள்ளாகவும் மாற்றும். நிறப் பட்டியலில் நிறங்களை எதிர்நிறங்களாக்கும். படத்தை மேல்கீழாகப் புரட்டும் கட்டளை இவ்விரண்டிற்கும் வேறானது. அகராதியின்படி 'தலைகீழாக்கு' என எழுதினால் மாணவர் மூன்றாவதைச் செய்வர். பனை தலைகீழாக நிற்கும். தெரிவுக்கு 'மறுதலையாக்கு' அல்லது 'எஞ்சியதைத் தெரிவு செய்', நிறத்திற்கு 'எதிர்நிறமாக்கு', படத்திற்கு 'மேல்கீழாகப் புரட்டு' என மூன்றாகப் பிரிப்பதே தக்கது. 'எஞ்சியதைத் தெரிவு செய்' நீளமானதாயினும் ஐயத்திற்கு இடமற்றது.

இரு தெரிவுகளின் பொதுப்பகுதியை மட்டும் கொள்ளும் செயலுக்குத் தமிழ்நாட்டுக் கணிதப் பாடத்தின் 'வெட்டு' முதலில் நினைவுக்கு வரும். தொகுத்தல் பட்டியலில் 'வெட்டு' என்பது படத்தின் பகுதியை வெட்டியெடுக்கும் கட்டளையாக இருப்பதால் அது இங்கு ஆகாது. இலங்கைக் கணித வழக்கின் 'இடைவெட்டு' இச்சிக்கலை எளிதில் தீர்க்கிறது. கேரளத் தமிழ்ப் பாடநூல் தமிழ்நாட்டு வழக்கையே முழுவதும் சார்ந்திருக்க வேண்டும் என்னும் நியதி ஏதுமில்லை. பிற தமிழ் நிலங்களின் சொல்வளமும் அதற்கு உரியதே.

'ஃபெதர்' என்பதை 'இறகு' என்று பெயர்ப்பது உருவகத்தைப் பெயர்ப்பதாகுமேயன்றிப் பொருளைப் பெயர்ப்பதாகாது. தமிழில் இறகு இலேசானதற்கு உவமையாகுமே தவிர, தேயும் ஓரத்திற்கு ஆகாது. சுங்குடியின் கசிவை நினைத்து 'ஓரக்கசிவு' என்றால், பத்துப் படப்புள்ளி அளவு கசியவிடுவது என்னவென்று விளக்கமின்றியே புரியும்.

6. 'சப்ஜெக்ட்' என்னும் புதுச் சிக்கல்

ஓரத்தைத் தேடும் பொறுப்பு படிப்படியாகக் கணினிக்கு மாறி வந்துள்ளது. மார்ட்டென்சன், பாரெட் ஆகியோர் 1995இல் வெளியிட்ட அறிவுக்கத்தரி முறை, பயனர் தோராயமாக வரையும் கோட்டை அருகிலுள்ள ஓரத்தில் பொருத்தியது. கிம்ப்பில் அது ஒரு கருவியாக உள்ளது. 2004இல் வெளியான கிராப்கட் முறைக்கு ஒரு கட்டம் வரைந்தால் போதும். 2018இல் ஃபோட்டோஷாப்பில் இடம்பெற்ற கட்டளையோ படத்தின் முதன்மையான ஆளையோ பொருளையோ ஒரே சொடுக்கில் தெரிவு செய்கிறது. 2023இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட மாதிரி, சுட்டிய எந்தப் பொருளையும் பிரித்துக் காட்டுகிறது.

இவை வந்தபின் ஓரத்தைக் குறித்த சொற்களின் தேவை குறைந்து, உருவைக் குறித்த சொல்லின் தேவை மிகுந்துள்ளது. ஃபோட்டோஷாப் அக்கட்டளையில் 'சப்ஜெக்ட்' என்னும் சொல்லை வைத்திருக்கிறது. இலக்கண ஆசிரியருக்கு அது 'எழுவாய்'. பள்ளி மாணவருக்குப் 'பாடம்'. 'பாடத்தைத் தேர்வு செய்' என்று எழுதப்பெற்றால், சித்தூரிலோ மூணாற்றிலோ உள்ள ஒரு மாணவர் அறிவியலா கணிதமா என்று எண்ணத் தொடங்குவார். 'பொருள்' என்றால் படத்திலிருக்கும் ஆள் அதற்குள் அடங்குவாரா என்ற வினா எழும். 'உரு' என்பது ஆளுக்கும் விலங்குக்கும் மரத்துக்கும் பொருந்துவது. 'முதன்மை உருவைத் தெரிவு செய்' எனில் பனையும் அடங்கும், பனையடியில் நிற்பவரும் அடங்குவார். மூடுபனி மட்டும் அடங்காது. அதற்கு இன்றும் மாஸ்க்கின்மீது நிறச்சரிவை இழுப்பதே வழி.